உயிர் காக்கும் கை துருப்பிடிக்கலாமா?

ஒரு வித்தையை ஒருமுறை கற்றுக்கொண்டு விட்டால் அது சாகும்வரை கூடவே இருக்கும் என்கின்ற எண்ணம் நம் ஜனங்களுக்குள் வெகுகாலமாய் ஊறிக் கிடக்கின்றது. காது குத்துவது போலவும், பூணூல் மாட்டுவது போலவும், பரீட்சையில் தேறி ஒரு காகிதத்தைக் கையில் வாங்கிவிட்டால், அத்துடன் அந்த யோக்கியதை ஆயுள் முழுவதும் அந்த மனிதனிடம் ஒட்டிக் கொண்டதாகவே நாம் நினைத்துக் கொள்ளுகிறோம். இந்த எண்ணத்தினால் மற்றத் தொழில்களில் விளையும் கேடு எப்படியிருந்த போதிலும், சாகக் கிடக்கும் மனிதனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்ற தொழிலில் அது நேராக உயிரையே வாங்கிவிடக் கூடியதாகும். ஆகவேதான் 108 ஆம்புலன்ஸ் வண்டிகளில் வேலை செய்யும் அவசர மருத்துவ உதவியாளர்களுக்கு, அதிலும் டாக்டரின் உத்தரவின் பேரில் நரம்பில் மருந்து ஏற்றவும், அடைபட்ட மூச்சுக்கு வழி செய்யவும் பழகிய உயர்நிலை உதவியாளர்களுக்கு, காலாகாலத்தில் கிடைக்க வேண்டிய மறுபயிற்சியைப் பற்றி இவ்வாரம் எழுத முன்வந்தோம். சர்க்கார் காகிதங்களில் இதற்குப் புத்தாக்கப் பயிற்சி என்று பெயர். பெயர் எதுவாயிருந்தாலும் விஷயம் ஒன்றுதான். கற்றதை மறக்காமலிருக்கவும், கற்றதில் தப்பானதை மறக்கவும் செய்கின்ற ஏற்பாடு அது.

கரிக்கலாம்பாக்கத்தை எடுத்துக் கொள்ளுவோம். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே, நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கிடையே உள்ள ஊர் அது. சமுதாய நலவழி மையம் ஒன்று அங்கே இருக்கின்றது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமானால் கோரிமேட்டு ஜிப்மருக்கோ, கதிர்காமத்துக்கோ, புதுச்சேரி நகரத்துக்கோ போக வேண்டும். பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகத்தை விட்டுப் போன பின்பும், புதுச்சேரிப் பிரதேசம் துண்டு துண்டாகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் கலந்தே கிடக்கின்றது. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனுக்கோ, வயலில் பாம்பு கடித்தவளுக்கோ, எந்தக் கொம்யூன், எந்த மாவட்டம் என்கின்ற எல்லைக் கணக்கு தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூச்சு இருக்கின்றதா போகின்றதா என்பதுதான். அந்த நேரத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசாமி டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் ஒருவர்தான். அவருடைய இரண்டு கைகளுக்கு என்ன தெரியுமோ அதுதான் அப்போதைக்கு அந்த நோயாளிக்கு வாய்த்த வைத்திய சாஸ்திரம் முழுவதும் ஆகும்.

கை மறக்கும்

இருதயம் நின்றுவிட்ட ஒருவனுக்கு நாலைந்து நிமிஷத்துக்குள் மூளை கெட ஆரம்பிக்கின்றது. மார்பை அழுத்தி இரத்தத்தை ஓட்டாமலும், மின்அதிர்ச்சி கொடுக்காமலும் கடந்து போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைந்து கொண்டே போகின்றது என்பது கண்டறியப்பட்ட உண்மை. அந்த மார்பை எப்படி அழுத்த வேண்டும்? நிமிஷத்துக்கு 100-க்குக் குறையாமலும் 120-க்கு மேற்படாமலும், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டரைத் தாண்டாமலும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழும்ப விட வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கொரு முறை ஆள் மாற்ற வேண்டும். இவ்வளவையும் புஸ்தகத்தில் படித்து ஒப்பித்துவிடலாம். ஆனால் கைக்கு அந்த அளவு எப்படித் தெரியும்? பழக்கத்தினால்தான் தெரியும். இப்படிப் பழகிய கையும், பயிற்சி முடிந்த 3 முதல் 6 மாதத்துக்குள்ளாகவே அளவு தவற ஆரம்பித்து விடுகின்றதென்று பல நாட்டு ஆராய்ச்சிகளும் கண்டிருக்கின்றன. மூளைக்கு நினைவிருப்பதாகத் தோன்றும்; கை மறந்திருக்கும். தனக்கு மறந்துவிட்டது என்பதே மறந்தவனுக்குத் தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து.

"தினமும் வண்டியில் ஓடுகிறவர்களுக்கு மறுபடி பயிற்சி எதற்கு? வேலையே பயிற்சியல்லவா?" என்று சில கனவான்கள் கேட்கலாம். கேள்வி நியாயம் போலத் தோன்றினாலும் சற்று ஆராய்ந்து பார்த்தால் நிற்காது. தினந்தோறும் வருகின்ற வேலை எது? காய்ச்சல்காரரை ஏற்றிப் போவது, கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது, சிறு காயத்துக்குக் கட்டுப் போடுவது. இவைகளில் கை தானாகவே பழகிப் போகும். இதற்கு மறுபயிற்சி தேவையில்லைதான். ஆனால் பிறந்து அழாத குழந்தைக்கு மூச்சு ஊட்டுவது எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்? கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் ஓய்ந்து போன ஒருவனுக்கு, பையும் முகமூடியும் வைத்து வழி முழுவதும் மூச்சு ஊதிக்கொண்டே போகின்ற வேலை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வரும்? பிரசவித்த பின் இரத்தம் நிற்காமல் போகின்றவளை வண்டியிலேயே காப்பாற்ற வேண்டியது வருஷத்தில் எத்தனை முறை நேரும்? எது அபூர்வமாய் வருமோ அதுவே உயிர் போகின்ற காரியமாயிருக்கின்றது. எது உயிர் போகின்ற காரியமோ அதில்தான் கைப்பழக்கம் முதலில் போய்விடுகின்றது. ஆகவே வேலையே பயிற்சி என்பது, அடுப்பு ஊதிக்கொண்டிருப்பதனாலேயே ஒருவனுக்குத் தீயணைக்கத் தெரியும் என்பது போன்ற நியாயமே ஆகும்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் வருகின்றது. நகரத்து வண்டிக்குக் கடுமையான கேசுகள் அடிக்கடி வரும். கிராமத்து வண்டிக்கு எப்போதாவதுதான் வரும். அதே சமயம் நகரத்து வண்டி ஐந்து நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், நெட்டப்பாக்கம், பாகூர்ப் பக்கத்து வண்டிக்கோ வழியே நீளம். அதாவது எவருக்குப் பழக்கம் குறைவோ அவர் கையில்தான் நோயாளி அதிக நேரம் இருக்கின்றான். ஆகவே பயிற்சியில் முதல் பங்கு கிராமத்துக்குத்தான் சேர வேண்டும். ஆனால் நம் நாட்டு வழக்கம் என்ன? எந்த நல்ல ஏற்பாடு வந்தாலும் அது தலைநகரத்து மாடியிலே தொடங்கி, மீந்தது ஏதாவது இருந்தால் கிராமத்துக்கு வருவதாகத்தானே இருக்கின்றது? பந்தியில் கடைசி இலைக்காரனுக்கு ரசம் மட்டும் ஊற்றுகின்ற இந்த வழக்கம் சாப்பாட்டிலே அவமானம் என்றால், வைத்தியத்திலே அது கொலையாகும்.

நேற்றைய சரி இன்றைய தப்பு

நிற்க. மறப்பது ஒருபுறமிருக்க, மறக்காமலிருப்பதினாலும் கெடுதி உண்டு என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். சாஸ்திரம் என்று நம்மவர்கள் சொல்லுவதெல்லாம் ஒருமுறை எழுதி வைத்தால் ஆயிரம் வருஷமானாலும் மாறாதது. மாற்ற வேண்டுமென்று சொல்லுகின்றவன் நாஸ்திகன். விஞ்ஞானமோ அப்படிப்பட்டதல்ல. தன் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்துத் திருத்திக் கொள்ளுவதுதான் அதற்குப் பெருமை. 1960-ல் அமெரிக்காவில் மார்பை வெளியிலிருந்தே அழுத்தி இருதயத்தை ஓட்டலாம் என்று கண்டார்கள். அதன் பின் வெகுநாள் வரையில் பெரியவர்களுக்கு 15 அழுத்தம், 2 மூச்சு என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2005-ல் அது போதாதென்று கண்டு 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றினார்கள். 2010-ல், முதலில் மூச்சுவழி, பிறகு மூச்சு, பிறகு மார்பு என்றிருந்த வரிசையைப் புரட்டி, முதலில் மார்பை அழுத்து என்றார்கள். 2015-ல் வேகத்துக்கும் ஆழத்துக்கும் மேல் எல்லை வைத்தார்கள். 2025-ல் அமெரிக்க இருதயச் சங்கம், தொண்டையில் பண்டம் அடைத்துக்கொண்ட பெரியவருக்கு முதலில் முதுகில் ஐந்து அடி, பிறகு வயிற்றில் ஐந்து தள்ளு என்று வரிசைப்படுத்தியிருக்கின்றது. 2004-ல் பயிற்சி பெற்று, அதற்குப் பின் வகுப்பறையை எட்டிப் பாராத ஒருவர் வெகு விசுவாசத்தோடும் சிரத்தையோடும் வேலை செய்வாரானால், அவர் வெகு விசுவாசத்தோடும் சிரத்தையோடும் பழைய தப்பைத்தான் செய்து கொண்டிருப்பார்.

பிராணவாயு விஷயத்தைப் பாருங்கள். மார்வலி என்றால் உடனே பிராணவாயுவைத் திறந்துவிடு என்பது வெகுகாலம் எல்லோருக்கும் பாடம். சுவீடன் தேசத்தில் 6,629 பேரை வைத்துச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரத்தத்தில் பிராணவாயு அளவு போதுமானபடி இருக்கின்றவர்களுக்கு மேலும் அதைக் கொடுப்பதனால் உயிர் பிழைப்பதில் ஒரு லாபமும் இல்லையென்று கண்டார்கள். அது கிடக்கட்டும்; நம் வயற்காட்டுக் கிராமங்களில் பூச்சிமருந்து, களைக்கொல்லி குடித்துவிட்டவர்களை ஏற்றிப் போவதும் இந்த வண்டிகள்தானே? அவைகளில் பாராகுவாட் என்கின்ற களைக்கொல்லியைக் குடித்தவனுக்கு, அவசியமில்லாமல் கொடுக்கும் பிராணவாயு அவனுடைய நுரையீரலை இன்னும் அதிகமாய்ப் பொசுக்கிவிடும். ஒருவனுக்கு உயிர் கொடுக்கும் வாயு மற்றொருவனுக்கு விஷமாகின்றது. வண்டியில் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

கட்டுப் போடுவதிலும் இதே கதைதான். பாம்பு கடித்தால் கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டு, கத்தியால் கீறு, வாயால் உறிஞ்சு என்று நம் தாத்தா காலத்துப் பள்ளிப் புஸ்தகங்களிலேயே எழுதியிருந்தார்கள். இவையெல்லாம் கெடுதி என்பது இன்றைய முடிவு. நோயாளியை நடக்க விடாதே, கடிபட்ட கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் கட்டு, மோதிரம், கொலுசுகளைக் கழற்று, மூச்சைக் கவனி, விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்குப் போ என்பதே இப்போதைய விதி. இதற்கு நேர் விரோதமாக, கை கால் அறுபட்டு இரத்தம் பீறிட்டு ஓடுகின்றவனுக்கு இறுக்கிக் கட்டுவது ஆபத்து என்று ஒரு காலத்தில் தள்ளி வைத்திருந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் கிடைத்த அனுபவத்தினால், அதுவே உயிர் காக்கும் என்று திரும்பவும் எடுத்துக் கொண்டார்கள். ஒரே கட்டு பாம்புக் கடியில் தள்ளப்பட்டது. இரத்தப் போக்கில் கொள்ளப்பட்டது. மறுபயிற்சி இல்லாதவர் இரண்டையும் தலைகீழாய்ச் செய்தால் அது அவருடைய குற்றமாகுமா, அவருக்குச் சொல்லிக் கொடுக்காதவர்களின் குற்றமாகுமா?

பாம்புக் கடியைப் பற்றிச் சொல்லும்போது மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கின்றது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது சராசரி வருஷத்துக்கு 58,000 பேர் பாம்பு கடித்துச் செத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். இதில் பெரும்பாலோர் கிராமத்தார். மந்திரிப்பவனிடமும் வேர் கட்டுபவனிடமும் போய் நேரத்தைத் தொலைத்தவர்கள் இவர்களில் எத்தனை பேரோ? மந்திரிப்பவனுக்குப் பெயர் எப்படி வருகின்றதென்றால், கடித்த பாம்புகளில் விஷமில்லாதவை அதிகம். விஷப் பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்குவதில்லை. அப்படித் தானாகவே பிழைத்தவனெல்லாம் மந்திரத்தினால் பிழைத்தவனாகி விடுகின்றான். செத்தவன் விதி முடிந்து செத்தவனாகி விடுகின்றான். இந்தப் புரட்டுக்கு நேரே நின்று பதில் சொல்லக்கூடியவர், கூப்பிட்ட வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும் ஆம்புலன்ஸ் உதவியாளர்தான். அவருக்கே விஷயம் திட்டமாய்த் தெரியாமல் தடுமாறினால், மந்திரிப்பவனுக்கு அடுத்த வாடிக்கைக்காரன் கிடைத்து விடுவான்.

பிட்ஸ்பர்க் கதை

இனி, இந்த ஆம்புலன்ஸ் வைத்தியம் எப்படி உண்டாயிற்றென்பதையும் தெரிந்து கொள்ளுவது நல்லது. அமெரிக்கா போன்ற தேசத்திலேயே 1966 வரையில் ஆம்புலன்ஸ்களில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கம் செய்கின்ற கடைக்காரர்கள்தான் நடத்தி வந்தார்கள். படுக்க வைக்கத் தக்க நீளமான வண்டி அவர்களிடந்தான் இருந்தது என்பதே காரணம்! பிழைத்தால் ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் கடைக்கு. அந்த வருஷம் அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கைதான் இந்த நிலைமையை வெளிப்படுத்தி ஊரைக் கூட்டியது.

அதற்கடுத்த வருஷம், 1967-ல், பிட்ஸ்பர்க் நகரத்தில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்கின்ற ஆம்புலன்ஸ் ஸ்தாபனம் ஏற்பட்டது. அதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் யார்? ஹில் என்கின்ற சேரிப் பகுதியிலிருந்த கறுப்பர்கள். வேலைக்கே லாயக்கற்றவர்கள் என்று ஊரார் தள்ளி வைத்திருந்தவர்கள். பீட்டர் சஃபார் என்கின்ற டாக்டர், பரம்பரையையும் பார்க்காமல், பள்ளிக்கூடத்துக் காகிதத்தையும் பெரிதாகப் பார்க்காமல், அவர்களுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் பாடமும் பழக்கமும் கொடுத்தார். அவர்கள் அந்நாட்டிலேயே முதன்மையான ஆம்புலன்ஸ் வைத்தியர்களாய் விளங்கினார்கள். திறமை பிறப்பிலே வருவதல்ல, பயிற்சியிலே வருவது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச சாட்சி வேண்டுமா?

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1975-ல் நகர சபை அந்த ஸ்தாபனத்தை மூடிவிட்டுத் தானே ஆம்புலன்ஸ் இலாகா ஆரம்பித்தது. பழைய ஆட்களைச் சேர்த்துக் கொள்ளுவதாகச் சொல்லிவிட்டு, பிறகு அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படாத விஷயங்களில் பரீட்சை வைத்தும், வைத்தியமல்லாத வேலைகளுக்குத் தள்ளியும், பெரும்பாலோரை வெளியேற்றி விட்டார்கள். உயிர் காக்கும் தொழிலை உண்டாக்கிக் கொடுத்தவர்களை உயிர் காக்க யோக்கியதையற்றவர்கள் என்று ஒரு பரீட்சைத் தாளைக் காட்டியே தீர்த்துக் கட்டினார்கள். பயிற்சி கைதூக்கி விட்டதும் உண்டு. பரீட்சை கழுத்தைப் பிடித்துத் தள்ளியதும் உண்டு. இரண்டையும் நாம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். ஏனெனில், இந்நாட்டிலும் எத்தனையோ இடங்களில் ஆம்புலன்ஸ் தொழிலாளிகள் நிரந்தரமில்லாத ஒப்பந்த வேலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் "உனக்கு மறுபயிற்சி, முடிவில் பரீட்சை" என்றால், அவர் காதில் "உனக்குச் சீட்டுக் கிழிப்பு" என்றே விழும். பயந்தவன் தனக்குத் தெரியாததை மறைப்பானே தவிர, கேட்டுக் கற்றுக் கொள்ள மாட்டான்.

சடங்கா, பயிற்சியா?

அதே அமெரிக்காவில் 1970-ல் ஏற்பட்ட அவசர மருத்துவ உதவியாளர்களின் தேசியப் பதிவகத்தில், உயர்நிலை உதவியாளராக இருப்பவர் இரண்டு வருஷத்துக்கொரு முறை தம் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள 50 மணி நேரக் கல்வி பெற்றிருக்க வேண்டும். அதிலே பாதி தேசம் முழுவதற்கும் பொதுவான பாடம். மீதியில் ஒரு பங்கு அந்தந்த ஊருக்கு வேண்டியது, ஒரு பங்கு அவரவர் விருப்பப்படி எடுத்துக் கொள்ளுவது. இந்த ஏற்பாட்டில் நமக்குப் பிடித்தது மணிக் கணக்கைக் காட்டிலும், ஊருக்கு வேண்டியது என்கின்ற அந்தப் பங்குதான். கரிக்கலாம்பாக்கத்துக்குப் பனியில் விறைத்தவனைக் காப்பாற்றும் பாடம் எதற்கு? பாம்புக் கடி, பூச்சிமருந்து, ரோட்டு விபத்து, வெயிலில் விழுந்தவர், வண்டியிலேயே பிரசவம், ஏரி குளத்தில் மூழ்கியவர், புயல் வெள்ளத்தில் அகப்பட்டவர் என்று நம் ஊருக்கென்றே பாடங்கள் இருக்கின்றன. 2024 நவம்பர் 30-ந் தேதி வந்த பெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாத இடத்தில் நோயாளியை எப்படித் தூக்கி வருவதென்பதும் பாடந்தான்.

நம் நாட்டில் இதெல்லாம் எப்படி நடக்கின்றதென்றால், எதையும் சடங்காக மாற்றிவிடுவதில் நமக்கு இணை நாமேதான். காலையில் மாலை மரியாதை, வரவேற்புரை, மத்தியானம் சாப்பாடு, சாயந்திரம் சான்றிதழ், நடுவிலே சுவரில் படம் காட்டி ஒருவர் இங்கிலீஷில் வாசிப்பது. இதற்குப் பெயர் பயிற்சி. வருஷத்துக்கொரு முறை திவசம் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? திவசத்தில் செத்தவன் சாப்பிட்டான் என்று நம்புகிறார்கள். இதில் உட்கார்ந்திருந்தவன் கற்றான் என்று எழுதிக் கொள்ளுகிறார்கள். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி விடுகின்றவர்கள், அந்த வண்டிக்குள்ளிருக்கும் மின்அதிர்ச்சிப் பெட்டியின் பேட்டரி வேலை செய்கின்றதா, அதை ஓட்டுகின்றவருக்குக் கை பழகியிருக்கின்றதா என்று அன்றைக்கே ஒரு மணி நேரம் பார்த்தால், அதல்லவோ ஆயுதத்துக்குச் செய்கின்ற மரியாதை?

உண்மையான பயிற்சி பொம்மை மேல் நடக்கின்றது. 1960-ல் நார்வே தேசத்தில் விளையாட்டுச் சாமான் செய்து வந்த லேர்டால் என்பவர், மூச்சு ஊதவும் மார்பை அழுத்தவும் பழகுவதற்கென்று மனித உருவில் ஒரு பொம்மை செய்து கொடுத்தார். உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் அந்த மாதிரிப் பொம்மைகளில் கை பழகியிருக்கிறார்கள். நாமும் பொம்மைகளுக்குப் பஞ்சமில்லாத நாட்டில்தான் இருக்கிறோம். அவைகளுக்கு அபிஷேகமும் குடமுழுக்கும் குறைவில்லாமல் நடக்கின்றன. மனித உயிரைக் காப்பாற்றக் கற்றுக் கொடுக்கின்ற பொம்மை ஒன்றைக் கொம்யூனுக்கு ஒன்றாக வாங்கி வைக்க மட்டும் பணமில்லையென்று சொல்ல நமக்கு வாய் வரலாமா?

பணமும் ஆளும்

பணமில்லை, ஆளில்லை, வண்டியை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்கு அனுப்ப முடியாது என்பவைதான் எப்போதும் சொல்லப்படும் மூன்று சமாதானங்கள். தமிழ்நாட்டில் 108 வேலைக்கு ஆள் எடுக்கும்போது சுமார் 50 நாள் பயிற்சி கொடுப்பதாக விளம்பரங்களில் அறிவிக்கப்படுகின்றது. 50 நாள் சோறு போட்டு வளர்த்த திறமையை, வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் செலவழிக்க மனமில்லாமல் துருப்பிடிக்க விடுவது எந்த ஊர்ச் சிக்கனம்? மத்திய சர்க்கார் 2021-ல் டாக்டர்கள், நர்சுகள், மருத்துவ உதவியாளர்கள் எல்லோருக்கும் பொதுவாக, அந்நிய நாட்டுக் கட்டணப் பாடத்தை நம்பியிராமல், தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சி என்கின்ற திட்டத்தை வெளியிட்டிருக்கின்றது. அதே வருஷத்தில் வந்த சட்டம், அவசர மருத்துவ உதவியாளர் தொழிலை மற்ற மருத்துவத் துணைத் தொழில்களோடு சேர்த்து அங்கீகரித்துப் பெயர் கொடுத்திருக்கின்றது. ஆகவே பாடமும் இருக்கின்றது, சட்டமும் இருக்கின்றது.

சொல்லிக் கொடுக்கின்றவர்களுக்குப் பஞ்சமென்றோ யாரும் சொல்ல முடியாது. புதுச்சேரியில் வைத்தியப் பள்ளிக்கூடம் 1823-லேயே ஏற்பட்டது. அதன் வழியில் 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964 முதல் ஜிப்மர் என்று நடந்து வருகின்றது. இது போதாதென்று, வில்லியனூர், பாகூர்ப் பக்கத்திலேயே தனியார் மருத்துவக் கல்லூரிகளும் வரிசையாய் நிற்கின்றன. இத்தனை டாக்டர்கள் உண்டாக்கப்படுகின்ற பிரதேசத்தில், வண்டியில் ஓடுகின்ற சில உதவியாளர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் கை பிடித்துச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்று சொன்னால் கேட்கின்றவர்கள் சிரிக்க மாட்டார்களா? வண்டியை நிறுத்த முடியாதென்பது மெய்தான். அதற்குப் பரிகாரம் மாற்று ஆள் வைப்பதேயொழிய, பயிற்சியை நிறுத்துவதல்ல. லீவே கொடுக்காமல் கோவில் யானையை ஊர்வலம் விடுவது போல மனிதர்களை ஓட்டினால், ஒரு நாள் அது யாரையாவது மிதித்தே தீரும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான்:

1. கிராமத்து வண்டிகளில் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கொரு முறையாவது கைப்பழக்கப் பயிற்சியும், இரண்டு வருஷத்துக்கொரு முறை முழுப் பயிற்சியும் கட்டாயமாகக் கிடைக்க வேண்டும். அது கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையம் போன்ற இடங்களிலேயே நடக்க வேண்டும்.

2. பயிற்சி நாள் வேலை நாளாகவே கணக்கிடப்பட வேண்டும். சம்பளம் பிடிக்கக் கூடாது. ஓய்வு நாளைப் பறிக்கக் கூடாது. அன்றைக்கு வண்டிக்கு மாற்று ஆள் போட வேண்டும்.

3. பாடம் தமிழில் இருக்க வேண்டும். மருந்தின் பெயர் எந்தப் பாஷையிலிருந்தாலும், அதை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்கக் கூடாது என்பது சொந்தப் பாஷையில் விளங்கினால்தான் நடு ராத்திரியில் ஞாபகத்துக்கு வரும்.

4. பரீட்சை கையைச் சோதிப்பதாயிருக்க வேண்டும். தேறாதவருக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே தவிர, அதையே சாக்காக வைத்து வேலையை விட்டுத் தள்ளக் கூடாது.

5. டிரைவரும், உதவியாளரும், நலவழி மையத்து நர்சும் டாக்டரும் ஒரே இடத்தில் சேர்ந்து பழக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு வண்டிக்காரர்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். கொண்டுபோய் விட்ட நோயாளி பிழைத்தானா, இல்லையா, எங்கே தவறு நேர்ந்தது என்பதை வண்டிக்காரர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். முடிவு தெரியாதவனுக்கு அனுபவம் ஏது?

6. யார் யாருக்கு எப்போது பயிற்சி நடந்தது என்கின்ற கணக்கைப் பொது ஜனங்கள் பார்க்கும்படி நலவழித்துறை வெளியிட வேண்டும்.

இவையெல்லாம் ஏற்கனவே நடக்கின்றன என்று யாராவது சொல்லுவார்களானால் நமக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. அந்தக் கணக்கைக் காட்டட்டும். நாமே முன்னின்று பாராட்டுவோம். பாதிதான் நடக்கின்றதென்றால் மீதியையும் நடத்தட்டும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் டிரைவரை அடிக்கப் போவதும், ஆள் செத்துவிட்டால் "அவன் காலம் முடிந்தது" என்று வீட்டுக்குப் போவதும் போதாது. வண்டி எப்போது வந்தது என்று கேட்கின்ற நீங்கள், வந்தவருக்குக் கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தார்கள் என்றும் உங்கள் சட்டசபை மெம்பரைக் கேட்க வேண்டும். கோவில் திருவிழாவுக்கு ரோடு போட்டுக் கொடு, மின்சார விளக்குப் போட்டுக் கொடு என்று கேட்கத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கத் தெரியாதா? சாவு விதியினால் வருகின்றதென்று இருக்கின்றவர்கள் சும்மா இருக்கட்டும். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாததனாலும், ஊத வேண்டிய நேரத்தில் ஊதாததனாலும் வருகின்ற சாவு விதியினால் வந்ததல்ல. நம் அலட்சியத்தினால் வந்தது. அலட்சியத்தினால் வருவதைத் தடுக்க நம்மால் முடியும். முடிகின்ற காரியத்தைச் செய்யாமலிருப்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் மன்னிப்பு இருக்கலாம். மனிதத் தன்மையில் கிடையாது.